பாறை இடுக்கெல்லாம் நண்டு செத்துக் கிடக்கு, ஒன்னு வயித்துல மஞ்சள் கட்டியோட இருந்துச்சு – யாராச்சும் சொல்லுங்க

உப்புக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கிறது இங்கிலாந்தோட தென்மேற்கு ஓரம், கார்ன்வால் பக்கம். கடல் வத்துனா பாறைக்கு நடுவுல குட்டை குட்டையா தண்ணி தேங்கி நிக்கும், என் பொண்ணு லீவு விட்டா அங்கயேதான் கிடப்பா, நானும் கூடவே குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு இருப்பேன். இந்தக் கோடைல கரையில ஒதுங்குற பாசி வரிசை முழுக்க சின்னச் சின்ன நண்டா செத்துக் கிடக்கு. ஒன்னு ரெண்டு இல்ல, குனிஞ்ச இடமெல்லாம். கட்டை விரல் நகம் சைஸ்ல இருந்து உள்ளங்கை சைஸ் வரைக்கும். ஆனா எதுலயும் நாத்தம் இல்ல, அதான் புரியல. தண்ணில ஏதாச்சும் கலந்துடுச்சோன்னு பயமா இருக்கு, ஏன்னா கொஞ்ச வருஷம் முன்னாடி வடகிழக்குப் பக்கம் நண்டு கூட்டமா செத்து ஒதுங்குச்சுன்னு நியூஸ்ல பாத்தது ஞாபகம் இருக்கு.

ரெண்டாவது, உயிரோட இருக்கிறதுல சிலது நல்ல பச்சை, சிலது அடிப்பக்கமெல்லாம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. இது ரெண்டு இனமா ஒரே இனமா?

மூணாவது, ஒரு நண்டைத் திருப்பிப் பாத்தா வயித்து மடிப்புக்கு அடியில மஞ்சளா ஒரு கட்டி. சினை நண்டுதான்னு சொல்லி மெதுவா தண்ணில விட்டுட்டோம். ஆனா சினைன்னா மணி மணியா இருக்கும்ல, இது வழவழன்னு இருந்துச்சு. அது என்ன?

ஓதநீர் எழுதியது:

செத்த நண்டுன்னு சொல்றீங்கள்ல, அதுல ஒன்னை எடுத்து ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க.

ஒன்னு, முன்பக்க விளிம்பு. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல மழுங்குன மூணு மேடு இருக்கா, ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிப்பக்கமா ஓட்டோட ஓரத்துல கூரா அஞ்சு பல்லு இருக்கா. அஞ்சும் மூணும் சரியா இருந்தா அது கார்சினஸ் மேனாஸ், உங்க கரையில இதுதான் ரொம்ப சாதாரணமா கிடைக்கிற கரை நண்டு. ஐரோப்பாவோட அட்லாண்டிக் கரை நெடுக, வடக்கே நார்வே ஐஸ்லாந்துல இருந்து வடமேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் இதுக்கு சொந்த ஊருதான்.

ரெண்டு, ஓட்டோட பின் விளிம்பை, அதாவது கடைசிக் கால் ரெண்டுக்கும் நடுவுல, நகத்தால லேசா தூக்கிப் பாருங்க. தூக்க வருதா வரலயா, அது மட்டும் சொல்லுங்க.

கடல்பாசி எழுதியது:

தூக்க வரும், நான் இப்பவே சொல்லிடறேன். நாத்தம் இல்லங்கிறதுலயே தெரிஞ்சு போச்சு. அது செத்த நண்டு இல்லங்க, கழட்டிப் போட்ட சட்டை. நண்டு வளரணும்னா ஓடு கூடவே வளராது, பழசைக் கழட்டிட்டுத்தான் பெருசாக முடியும். பழைய ஓட்டோட பின் விளிம்புல பிளவு விட்டு, டப்பா மூடி மாதிரி மேல தூக்கிக்கும், அந்த வழியா நண்டு பின்னாடியே நகந்து நகந்து வெளிய வந்துடும். கால், கொடுக்கு, மீசை எல்லாத்தையும் அந்தந்த உறைக்குள்ள இருந்து உருவிகிட்டு வரணும், கொடுக்கு எவ்ளோ பெருசு அதோட கணு எவ்ளோ ஒடுக்கம்னு பாத்தீங்கன்னா அது எவ்ளோ கஷ்டமான வேலைன்னு தெரியும், இதுல மாட்டிகிட்டு உயிர் விடுற நண்டும் உண்டு.

அந்தக் கூட்டை வெளிச்சத்துல காட்டி உள்ள பாருங்க. கண்ணு மேல இருந்த கண்ணாடி போல உறை அப்படியே இருக்கும். செவுளோட மெல்லிசு உறை ரெண்டு பக்கமும் சாம்பல் நிறத்துல ஒட்டிகிட்டு இருக்கும். வாய்ப் பகுதி எல்லாம் தனித்தனியா தெரியும். வயித்துக்குள்ள இரையை அரைக்கிறதுக்குன்னு பல்லு இருக்கே, அதையும் சேத்துத்தான் கழட்டும். உங்க பொண்ணு இதை ஒரு தடவை பிரிச்சுப் பாத்தான்னா மறக்கவே மாட்டா.

வெளிய வந்த நண்டு தோல் மாதிரி மெத்துனு இருக்கும், உடனே தண்ணிய உறிஞ்சி உடம்பை உப்ப வெச்சுக்கும், அப்பதான் புது ஓடு பெரிய அளவுல இறுகும். ஒரு தடவைக்கு அகலம் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குல இருந்து நாலுல ஒரு பங்கு வரைக்கும் கூடும். முழுசா கெட்டியாக பல நாள் ஆகும், அதுவரைக்கும் கல்லுக்கடியில ஒளிஞ்சுகிட்டு இருக்கும், ஏன்னா அந்த நேரத்துல பறவை, மீன், ஏன் சொந்தக்கார நண்டே கூட தின்னுடும். குட்டிங்க அடிக்கடி கழட்டும், பெருசுங்க வருஷத்துக்கு ஒரு தடவை இல்ல அதுக்கும் கம்மியா. அதனாலதான் உங்க பாசி வரிசைல சின்ன சைஸ் கூடு நிறையவும் பெருசு குறைச்சலாவும் இருக்கும். கோடைல தண்ணி சூடாகுறப்ப மொத்தமா பல நண்டு கழட்டும், அலை அதையெல்லாம் வாரிகிட்டு வந்து ஒரே வரிசைல போட்டுடும், பாக்கிறவங்களுக்கு ஏதோ ஆபத்து வந்த மாதிரியே தெரியும்.

நீங்க சொன்ன நியூஸ் 2021 அக்டோபர்ல டீஸ் ஆத்து முகத்துவாரத்தை ஒட்டி நடந்தது. அது நெசமாவே சாவு. நண்டு கை கால் இழுத்துகிட்டு, மல்லாந்து துடிச்சு, கனமா, கறியோட செத்து ஒதுங்குச்சு. 2023 ஜனவரில நிபுணர் குழு அறிக்கை கொடுத்தும் இதுதான் காரணம்னு ஒன்னை உறுதியா சொல்ல முடியல. அதனால உங்க கரையிலயும் கவனிச்சு வைக்கிறது நல்லதுதான், ஆனா பாக்க வேண்டியது லேசான காலிக்கூடு இல்ல, கனமான நண்டு, நாத்தம், நடுக்கம், நிமிர முடியாம கிடக்கிறது, இதெல்லாம். கடற்பறவை கொத்திப் போட்டதும் கிடைக்கும், அது எங்கயாச்சும் கோணல்மாணலா உடைஞ்சிருக்கும், கூடு மாதிரி பின்பக்கம் நேரா திறந்திருக்காது.

நிறம் பத்தி. ஒரே இனம்தான். ஓடு கழட்டி கொஞ்ச காலம் ஆனது பச்சை. ரொம்ப நாளா கழட்டாமலே இருக்கிறதுக்கு ஓட்டுல இருக்கிற நிறமி வெயில்ல மாறி மாறி ஆரஞ்சு, செவப்புன்னு ஆகிடும். இது வெறும் கலர் சமாச்சாரம் இல்ல. செவப்புக்கு ஓடு தடிமன், கொடுக்குல பலம், பொண்ணு நண்டுக்காக சண்டை போட்டா ஜெயிக்கிறது பெரும்பாலும் செவப்புதான். ஆனா உப்பு குறைஞ்ச தண்ணியையும் ஆக்சிஜன் குறைஞ்ச தண்ணியையும் தாங்குறதுல பச்சைதான் கெட்டி. அதனால ஆறு வந்து கலக்குற இடத்துல பச்சை நிறைய, கீழ்க் கரையிலயும் அதுக்கு அப்புறம் ஆழத்துலயும் செவப்பு நிறைய. குட்டி நண்டு பாத்திருப்பீங்களே, முதுகுல வெள்ளைத் திட்டு, கறுப்புத் திட்டுன்னு ஒன்னு மாதிரி ஒன்னு இருக்காது, கல்லும் சிப்பியும் கலந்த தரையில அந்தத் திட்டு இருந்தா கண்ணுக்கே சிக்காது, சேத்துத் தரையில வளர்றதுக்கு அந்த அளவு கோலம் இருக்காது.

இன்னொன்னு, கோடை முடியுற நேரம் ஒரு நண்டு இன்னொன்னை வயித்தோட அணைச்சுகிட்டு தூக்கிட்டு திரியுறதைப் பாக்கலாம். மேல இருக்கிறது ஆண். பொண்ணு ஓடு கழட்டப் போகுதுன்னு அதுக்கு முன்னாடியே வாசனைல கண்டுபிடிச்சு பல நாள் விடாம தூக்கிட்டு அலையும், அவ கழட்டுனதும் அந்த மெத்துனு இருக்கிற நேரத்துலதான் சேரும், அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் காவல் காக்கும். அதைப் பிரிச்சு எடுக்காதீங்க, தயவு செஞ்சு.

மஞ்சள் கட்டி பத்தி ஒரு சந்தேகம் இருக்கு, அது ஆணா பொண்ணான்னு பாத்தீங்களா?

உப்புக்காத்து எழுதியது:

ரொம்ப நன்றி, இன்னைக்கு மத்தியானம் தண்ணி வத்துனதும் போய் பாத்தோம். அஞ்சு பல்லு, நடுவுல மூணு மேடு, அப்படியே இருக்கு. பின்பக்கம் தூக்குனா திறந்துக்குது, உள்ள காலி. செவுள் உறையைப் பாத்துட்டு பொண்ணு ரொம்ப நேரம் வாயே திறக்கல.

அந்த மஞ்சள் கட்டி நண்டு போன தடவை எடுத்த போட்டோல இருக்கு, பெருசு பண்ணிப் பாத்தேன். கட்டி ஒரே கட்டியா இருக்கு, பிரிவு எதுவும் இல்ல, மஞ்சளும் தவிட்டு நிறமும் கலந்த மாதிரி, வயித்து மடிப்பு அது மேல மூட முடியாம தூக்கிகிட்டு நிக்குது. முதுகுல வெள்ளையா கொட்டலசு (பாறைல ஒட்டிகிட்டு வாழுமே, குட்டி ஓட்டு உசுரு) நிறைய ஒட்டியிருக்கு. மடிப்பு ஆணோடது மாதிரி முக்கோணமாவும் இல்ல, பொண்ணோடது மாதிரி நல்ல அகலமாவும் இல்ல, ரெண்டுங்கெட்டானா இருக்கு.

வல்லைவெளி எழுதியது:

தங்கச்சி, உங்கட போட்டோ விவரத்தை வாசிச்ச உடனேயே விளங்கீட்டுது. அது சினை இல்லை, சாக்குலினா கார்சினி எண்ட ஒட்டுண்ணி. நீங்கள் முதுகில பாத்தீங்களே கொட்டலசு, அதின்ர சொந்தக்கார இனம்தான் இது, ஆனா ஓடும் இல்லை, காலும் இல்லை, கல்லில ஒட்டி வாழுற சீவியமும் இல்லை, நண்டுக்கு உள்ளதான் சீவியம்.

சினை எண்டால் வடிவாப் பாத்தால் சின்னச் சின்ன மணியா இருக்கும், முதலில ஆரஞ்சு மஞ்சள், பொரிக்கிற நேரம் வரேக்க சாம்பல் கலந்த கறுப்பாப் போகும், மணியளுக்கு உள்ள குஞ்சின்ர கண் கறுப்புப் புள்ளியாத் தெரியும். அது மடிப்புக்கு கீழ இருக்கிற மயிர்க்காலுகளில பரவலா ஒட்டியிருக்கும். ஒரு பெரிய பெண் நண்டு ஒரு தரத்தில ஒண்டே முக்கால் லட்சத்துக்கு மேல முட்டை போடும். சாக்குலினா அப்பிடி இல்லை, ஒரே பை, வழுவழுப்பு, நடுவில ஒரு சின்னத் துவாரம், ஒரு குட்டிக் காம்பால மடிப்பின்ர நடுவில பொருந்தியிருக்கும்.

வெளியில தெரியிற பை அதின்ர இனப்பெருக்க உறுப்பு மட்டும்தான். உடம்பு முழுக்க உள்ளுக்க இருக்கு. அதின்ர பெண் குடம்பி (லார்வா எண்டு சொல்லுற இளம் பருவம்) ஒண்டு நண்டில வந்து இருந்து, ஊசி போடுற மாதிரி தன்ர உயிரணுக்களை நண்டின்ர உடம்புக்குள்ள செலுத்தும். பிறகு அது வேர் வேராக் கிளைச்சு குடல், கால், நரம்பு எல்லா இடமும் பரவி நண்டின்ர சத்தை உறிஞ்சும். கன காலம் வெளியில ஒண்டுமே தெரியாது. பிறகுதான் அந்தப் பை வயித்தடியால வெளியில வரும், ஆண் குடம்பி வந்து அதுக்குள்ள புகுந்தால்தான் பை முத்தி குஞ்சு விடும்.

நண்டின்ர கதி என்னெண்டால், அது மலடாப் போயிடும். ஓடும் கழட்டாது, ஓடு கழட்டாட்டில் முதுகில வந்து ஒட்டின கொட்டலசு விழாது தானே, அதுதான் உங்கட நண்டின்ர முதுகு அப்பிடி இருக்கு. ஆண் நண்டெண்டால் வயித்து மடிப்பு அகலமாகி பெண்ணின்ர வடிவுக்கு வந்திடும், குணமும் மாறும். நீங்கள் ரெண்டுங்கெட்டான் எண்டு எழுதினது சரியான கவனிப்பு, அனேகமா அது ஆண் நண்டு. எனக்கு எப்ப நினைச்சாலும் மனசைப் பிசையிறது இதுதான்: தன்ர சினையைப் பெண் நண்டு எப்பிடி துப்புரவாக்கி, காவல் காத்து, பாசி பிடியாமல் பாக்குமோ, அதே பராமரிப்பை இந்தப் பைக்கும் அது செய்யும், பிறவியில ஆணாயிருந்த நண்டும் செய்யும். பை குஞ்சு விடுற நேரம் உடம்பை ஏத்தி இறக்கி, அந்தக் குஞ்சுகள் தண்ணியில பரவ உதவியும் செய்யும்.

பையைப் பிச்செறிஞ்சால் நண்டு சுகமாகும் எண்டு சில பேர் நினைக்கிறவை. ஆகாது, வேர் முழுக்க உள்ளுக்கதான் இருக்கு. நீங்கள் விட்டது சரி.

மேற்குக்கரை எழுதியது:

இதே நண்டு பத்தி எங்க பக்கத்து நிலவரமும் சொல்லணும், ஏன்னா உங்களுக்கு அது வீட்டுப் பிள்ளை, எங்களுக்கு வந்தேறி. நான் இருக்கிறது அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலம், பசிபிக் கரை.

கப்பலோடயோ, உசுரோட அனுப்புற கடல் சரக்கைப் பொதிஞ்ச பாசியோடயோ பயணம் பண்ணித்தான் இது ஊர் ஊரா போயிருக்குன்னு சொல்றாங்க. அட்லாண்டிக் தாண்டி அமெரிக்காவோட கிழக்குக் கரையில 1817லயே பாத்திருக்காங்க. அதுக்கப்புறம் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினான்னு போயாச்சு. எங்க பக்கம் 1989 வாக்குல சான் பிரான்சிஸ்கோ வளைகுடால கண்ணுல பட்டுச்சு, தொண்ணூறுகள் முடியறதுக்குள்ள நீரோட்டத்தோட குடம்பிங்க வடக்கே அடிச்சுகிட்டு வந்து ஒரேகான், வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா வரைக்கும் வந்துருச்சு. சிப்பி, மட்டி எல்லாம் உடைச்சுத் தின்னும், கடற்புல் தரையைத் தோண்டிப் போட்டுடும், அந்தப் புல்லை நம்பித்தான் மீன் குஞ்சு எல்லாம் வளருது. 2021ல லம்மி பழங்குடி மக்களோட மட்டிப் பண்ணைக் குட்டைல மட்டும் 70,000க்கு மேல பிடிச்சாங்க, 2022 ஜனவரில மாநில ஆளுநர் அவசர ஆணையே போட்டார்.

கடல்பாசி கூடு பத்தி எழுதுனாரே, அது எங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு பாருங்க. 2022ல அலாஸ்காவுல இந்த நண்டு வந்துருச்சுன்னு முதல்ல தெரிஞ்சது உசுருள்ள நண்டை வெச்சு இல்ல, அங்க இருக்கிற மெட்லகாட்லா பழங்குடி சமூகத்துக்காரங்க கரையில பொறுக்குன காலிக் கூட்டை வெச்சு. அஞ்சு பல்லை எண்ணித்தான் கண்டுபிடிச்சாங்க. எங்க ஊர்ச் சொந்த கரை நண்டுங்களுக்கு கண்ணுக்கு வெளிப்பக்கம் மூணு பல்லுதான். நிறத்தை வெச்சு முடிவு பண்ணா போச்சு, எங்க சொந்த நண்டுலயே பச்சை உண்டு, வந்தேறிலயே செவப்பு உண்டு. அதனாலதான் இங்க பாத்தா கொல்லாதீங்க, போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சு தகவல் சொல்லுங்கன்னு கேட்டுக்கிறாங்க, ஆர்வத்துல மக்கள் சொந்த நண்டையே மிதிச்சுடக் கூடாதுன்னு.

வல்லைவெளி அண்ணா எழுதுன சாக்குலினாவை வெச்சே இதை ஒழிக்கலாமான்னு யோசிச்சு ஆய்வுக்கூடத்துல பாத்தாங்க. அது எங்க ஊர் நண்டுங்களுக்குள்ளயும் புகுந்து அதுங்களைச் சாகடிச்சுது, அதனால கடல்ல விடல.

இன்னொன்னு கண்டிப்பா சொல்லணும். கலிபோர்னியாவுல சீட்ரிஃப்ட்னு ஒரு காயல், 2009ல இருந்து இந்த நண்டை அங்க ஒட்டுமொத்தமா பிடிச்சு எடுக்க ஆரம்பிச்சாங்க. ஒரு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் போல இருந்ததை 2013ல பத்தாயிரத்துக்கும் கீழ கொண்டு வந்துட்டாங்க, எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, அடுத்த வருஷமே மூணு லட்சம் ஆகிடுச்சு. காரணம் என்னன்னா பெரிய நண்டுதான் குட்டி நண்டைத் தின்னு அளவா வெச்சிருந்துச்சு, பெருசு எல்லாத்தையும் பிடிச்சதும் குட்டி அத்தனையும் பொழைச்சுகிச்சு. அப்புறம்தான் அடியோட ஒழிக்கிறதை விட்டுட்டு, கொஞ்சம் விட்டு வெச்சு கீழ் மட்டத்துலயே கட்டுப்படுத்துறதுன்னு மாத்திகிட்டாங்க. நண்டுன்னா பிடிச்சா தீந்துரும்னு நினைக்கிறவங்க இதைப் படிக்கணும்.

உப்புக்காத்து எழுதியது:

இவ்ளோ விஷயம் ஒரு நண்டுல இருக்குன்னு யாரு நினைச்சா. எல்லாருக்கும் நன்றி, வல்லைவெளி அண்ணாவுக்கு தனியா நன்றி, பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டினேன், பாவம் அந்த நண்டுன்னு திரும்பத் திரும்ப சொல்லிகிட்டே இருக்கா.

ஒரு கடைசி கேள்வி. அவ வாளில தண்ணி மொண்டு நண்டு பிடிச்சுப் போடுவா, கொஞ்ச நேரத்துல நண்டு வாளி ஓரத்துல ஏறி மூஞ்சிய தண்ணிக்கு வெளிய நீட்டி நுரை நுரையா விடுது. அது கோவமா, பயமா, இல்ல வேற ஏதாச்சுமா? வீட்டுக்குக் கொண்டு போகலாமான்னும் கேக்குறா.

ஓதநீர் எழுதியது:

அது மூச்சுத் திணறல். வாளித் தண்ணில ஆக்சிஜன் தீந்துருச்சுன்னா இந்த நண்டு முன் உடம்பை வெளிய தூக்கி, செவுள் அறைக்குள்ள போற தண்ணி ஓட்டத்தைத் தலைகீழா திருப்பி, காத்தை உள்ள இழுத்து மிச்சத் தண்ணில கலக்கும், அந்தக் காத்துதான் நுரையா வருது. வெயில் காலத்துல பாறைக் குட்டைலயே இந்த நிலைமை வரும், அதனால அதுக்கு இது பழக்கமான வேலை, ஈரமா வெச்சிருந்தா காத்துலயும் மணிக்கணக்கா தாங்கும். ஆனா வாளில அதுக்கு அங்கிட்டு இங்கிட்டு போக வழியில்லயே. நுரை பாத்ததும் தண்ணிய மாத்தணும்னு இல்ல, நுரை வர்றதுக்கு முன்னாடியே மாத்தணும். நிழல்ல வைங்க, ரெண்டு மூணு நண்டுக்கு மேல ஒரே வாளில வேண்டாம், சண்டை போட்டு காலை உடைச்சுக்கும். கால் போனா நண்டே தானா கழட்டி விட்டுட்டு ஓடும், அடுத்தடுத்து ஓடு கழட்டுறப்ப புதுக்கால் முளைக்கும், ஆனா அதுக்கு ஆகுற சத்து வளர்ச்சில இருந்துதான் போகுது.

பிடிக்கிறப்ப பின்னாடி இருந்து ஓட்டோட ரெண்டு பக்க ஓரத்தையும் விரலால பிடிக்கச் சொல்லுங்க, கொடுக்கு எட்டாது. ஓடு மெத்துனு இருந்தா தொடவே வேண்டாம். எடுத்த கல்லுக்கடியிலயே திரும்ப விடுங்க, கல்லையும் எப்படி இருந்துச்சோ அப்படியே மூடி வைங்க, கல்லோட அடிப்பக்கம் ஒட்டியிருக்கிறதெல்லாம் வெயில்ல ஒரே நாள்ல காஞ்சு செத்துடும்.

வீட்டுக்கு வேண்டாம். இதுக்கு உடம்புக்குள்ளயே ஓதக் கணக்கு, அதாவது கடல் ஏறி இறங்குற நேரக் கணக்கு, ஓடுது. 1958ல எர்னஸ்ட் நெய்லர்ங்கிற விலங்கியலாளர் இதையே எடுத்து அலையே இல்லாத தொட்டில, வெளிச்சமும் சூடும் மாறாம வெச்சுப் பாத்தார், அப்பவும் வெளிய கடல் ஏறுற நேரத்துக்கு, கிட்டத்தட்ட பன்னண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க ஆரம்பிச்சுடுச்சு. சில நாள் கழிச்சுதான் அந்தக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமா மங்குச்சு. உங்க வீட்டுத் தொட்டிலயும் அப்படித்தான் கடல் ஏறுதுன்னு நடந்துகிட்டு இருக்கும்.

அதுக்குப் பதிலா காலிக் கூட்டை எடுத்துட்டுப் போகட்டும். நல்ல தண்ணில அலசி, நிழல்ல காய வெச்சா வருஷக்கணக்கா இருக்கும், வெயில்ல வெச்சா நிறம் போயிடும். எடுத்த தேதியும் இடமும் ஒரு சீட்டுல எழுதி கூடவே வைக்கச் சொல்லுங்க. அடுத்த தடவை மஞ்சள் கட்டி நண்டு கண்ணுல பட்டா வயித்துப் பக்கமும் முதுகுப் பக்கமும் தனித்தனியா போட்டோ எடுத்து இங்க போடுங்க, முதுகுல ஒட்டியிருக்கிற கொட்டலசு சைஸை வெச்சு அது எவ்ளோ நாளா ஓடு கழட்டாம இருக்குன்னு ஓரளவு சொல்லலாம்.